புதுத் துணி தண்ணீர் குடிக்காது

மகள் பிறந்தது 2023 செப்டம்பரில், ஈரோட்டில். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே துணி டயப்பர்கள் எட்டு வாங்கி வைத்திருந்தேன். யானை போட்டது, பூப்போட்டது, பட்டன் வைத்தது என்று ஒவ்வொன்றும் 400 முதல் 700 ரூபாய் வரை. அம்மா அவற்றை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். மறுவாரம் ஜவுளிச் சந்தைக்குப் போனவர், 50 அங்குல அகலத்தில் 10 மீட்டர் காடாத் துணி வாங்கி வந்தார். விலை 500 ரூபாய்க்குள்தான். சதுரமாக வெட்டினால் 30 துண்டு வந்தது.

அன்றே ஒன்றை மடித்துப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மிச்சி (அம்மாவின் அம்மா), "புதுத் துணி தண்ணி குடிக்காது சாமி. நாலு தடவ தொவச்சுப் போட்டாத்தான் குடிக்கும்" என்றார். ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துத் துணிமேல் விட்டுக் காட்டினார். தாமரை இலையில் போல உருண்டு ஓடியது.

பருத்தி நூலுக்கு இயல்பாகவே மெல்லிய மெழுகு உண்டு. தறியில் அறுந்துபோகாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சியும் ஏற்றியிருப்பார்கள். வெளுக்காத காடாத் துணியில் இரண்டும் அப்படியே இருக்கும். சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு நான்கைந்து முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் துணி ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். கடையில் வாங்கும் துணி டயப்பரின் உள்பட்டைகளுக்கும் இதுவே பொருந்தும், குறிப்பாகப் பருத்திப் பட்டைக்கு. வாங்கிய அன்றே கட்டிவிட்டு "ஒழுகுகிறது, ஏமாந்துவிட்டோம்" என்று ஓரமாகப் போட்டுவிட்ட தோழிகளை எனக்குத் தெரியும். டயப்பரில் குறையே இருந்திருக்காது. அது இன்னும் தண்ணீர் குடிக்கப் பழகியிருக்காது, அவ்வளவுதான்.

30 துண்டுகளுக்கும் தையல்காரரிடம் கொடுத்து ஓரம் அடித்தோம். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வெட்டிய ஓரத்திலிருந்து பிரியும் நூல் குழந்தையின் கால்விரலிலோ, ஆண் குழந்தை என்றால் குறியிலோ சுற்றிக்கொண்டு இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். குழந்தை ஏன் அழுகிறது என்றே தெரியாமல் வீடு தவிக்கும். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாலும் ஓரத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மகள் பிறக்கும்போது 2.7 கிலோ. நான் ஆசையாக வாங்கிய எட்டு டயப்பர்களும் அவளுக்குப் பெரியவை. பட்டனை எவ்வளவு உள்ளே தள்ளிப் போட்டாலும் தொடைப் பக்கம் இடைவெளி இருந்தது. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை ஒரே அளவு என்று விற்பவை பெரும்பாலும் 4, 5 கிலோ வந்த பிறகுதான் சரியாக உட்காரும். முதல் இரண்டு மாதமும் காடாத் துணிதான் ஓடியது. சதுரத்தை முக்கோணமாக மடித்து, நீளமான பக்கத்தை இடுப்புக்கடியில் விட்டு, கீழ் முனையை இரண்டு கால்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, பக்க முனைகள் இரண்டையும் அதன்மேல் கட்டிவிட வேண்டும். ஊக்கு வேண்டாம். முடிச்சுக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். தொப்புள்கொடி விழும்வரை துணி தொப்புளுக்குக் கீழேயே நிற்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய், விபூதி, மஞ்சள் எதுவும் வைக்காமல் காயவிட்டோம். எட்டாம் நாள் தானாக விழுந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மிச்சியோடு எனக்கு உடன்பாடு இல்லை. கால்களை நேராக இழுத்து வைத்துச் சுற்றினால்தான் கால் வளையாது என்பார். பச்சைக் குழந்தையின் இடுப்பு மூட்டு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். தொடைகள் தவளைபோல விரிந்து மடங்கியிருப்பதுதான் அதற்கு நல்லது. நேராக நீட்டி இறுக்கினால் மூட்டு நழுவும் ஆபத்து கூடும். அவருக்குப் பொறுமையாகச் சொன்னேன். முக்கோணக் கட்டு கால்களை விரித்தே வைக்கிறது என்று அவரே பார்த்துவிட்டு, "அப்ப கோவணமே போதும்" என்றார்.

அந்த நாட்களில் துணி எனக்குச் செய்த பெரிய உதவி வேறு. அத்தை பார்க்க வந்தபோது குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பால் பத்தவில்லையோ, பவுடர் பால் கொடுக்கலாமா என்று கேட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அம்மா கொடியைக் காட்டி, "இன்னிக்கு விடிஞ்சதுல இருந்து ஒம்பது துணி. பால் இல்லாமயா இத்தன தடவ போகுதுங்க?" என்றார். முதல் வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளில் குறைந்தது ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால், பால் போதுகிறது என்று பொருள். துணி கட்டும் வீட்டில் அது எண்ணாமலே தெரியும். உறிஞ்சிக்கொள்ளும் டயப்பரில் இரண்டு முறையா ஐந்து முறையா என்று சொல்வது கடினம். குறைந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தக் கொடியே சொல்லிவிடும்.

அப்புறம், காலில் உட்கார வைப்பது. அம்மா சின்ன முக்காலியில் உட்கார்ந்து, பால் குடித்த கொஞ்ச நேரத்தில் குழந்தையின் தலையையும் முதுகையும் நன்றாகத் தாங்கி, பாதங்களுக்கு நடுவே பிடித்து "ஸ்ஸ்ஸ்" என்பார். வயிறு நிரம்பும்போது பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு. அந்த நேரம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான்காம் மாதத்திலிருந்து காலை ஆய் பெரும்பாலும் அப்படியே போய்விட்டது. வரவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் தூக்கிவிட வேண்டும், வற்புறுத்தக் கூடாது. எந்த விலையுயர்ந்த டயப்பரும் என் துவைக்கும் வேலையை இவ்வளவு குறைக்கவில்லை.

ஈரோட்டில் மூன்று மாதமும் அருமையாக ஓடியது. மொட்டை மாடி, வெயில், காற்று. துணி இரண்டு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறை துவைத்தும் போகாமல் இருக்கும். ஈரத்தோடு வெயிலில் போட்டால் மாலைக்குள் மங்கிவிடும். அந்த மஞ்சளுக்கு ஒரு காரணம் பிலிருபின் என்னும் நிறமி. மஞ்சள்காமாலைக் குழந்தையை ஒளியில் வைக்கிறார்களே, அதே சங்கதிதான். ஒளி அதைச் சிதைக்கிறது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு நவம்பர் கடைசியில் சென்னைக்கு, வேளச்சேரி வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல்.

முதல் நாளே துணி காயவில்லை. இரண்டாம் நாள் மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் இரண்டாம் மாடி என்பதால் தப்பினோம். எட்டு ரெடிமேட் துணி டயப்பர்களும் நனைந்து ஒரு வாளியில் கிடந்தன. நான்கைந்து அடுக்கு வைத்துத் தைத்த அந்தப் பட்டைகள் மூன்று நாள் ஆகியும் நடுவில் ஈரமாகவே இருந்தன, நாற்றம் வேறு. கீழ்வீட்டு அக்கா தன் பேரனுக்கு வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து தூக்கியெறியும் டயப்பர் பத்து கொடுத்தார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். அப்படியொரு நேரத்தில் குழந்தை காய்ந்து கிடப்பதுதான் முக்கியம். கைவசம் ஒரு சின்ன பாக்கெட் எப்போதும் இருக்கட்டும் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

தண்ணீர் வடியத் தொடங்கியபோது பால்கனியிலிருந்து தெருவைப் பார்த்தேன். குப்பைத் தொட்டிகள் கவிழ்ந்திருந்தன. ஊதிப்போன டயப்பர்கள் தலையணை மாதிரி மிதந்துகொண்டிருந்தன. மேலே பாலிப்ரொப்பிலீன் தாள், நடுவில் மரக்கூழும் சோடியம் பாலிஅக்ரிலேட் குருணையும், அடியில் பாலிஎத்திலீன். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் அந்தக் குருணை, வெள்ளத்தையும் பிடித்துவைத்திருந்தது. எங்கள் பகுதிக் குப்பை போய்ச் சேரும் இடம் பெருங்குடி. அதை ஒட்டித்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்க்கப்பட்ட அதே இடம். அந்த வாரம் மிதந்ததில் நான் போட்டதும் இருந்திருக்கும். அதைப் பார்த்த பிறகு துணியை விட்டுவிட மனம் வரவில்லை. ஆனால் ஈரோட்டு முறை சென்னையில் அப்படியே ஓடாது என்பதும் புரிந்தது.

கணவர் டிரையர் வாங்கலாம் என்றார். அது சரிதானா என்று தேடியபோது, இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஒப்பீடு கிடைத்தது. இரண்டரை ஆண்டுக் கணக்கில் ஒரு குழந்தைக்கு, தூக்கியெறியும் டயப்பரால் 550 கிலோ கரியமில வாயு, சராசரியாகப் பயன்படுத்தும் துணியால் 570 கிலோ. துணிதான் கொஞ்சம் அதிகம்! படித்ததும் அதிர்ந்துபோனேன். ஆனால் அதே ஆய்வு, கொடியில் காயவைத்து, மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, இரண்டாவது குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறையும் என்கிறது. துணி என்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது. அதை எப்படித் துவைக்கிறோம், எப்படிக் காயவைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிரையர் வாங்கவில்லை.

பதிலுக்கு அம்மாவின் காடாத் துணிகளை மறுபடி எடுத்தேன். ஒற்றை அடுக்குத் துணி, மழைநாளிலும் மின்விசிறிக்கடியில் ஐந்தாறு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தால் இஸ்திரிப் பெட்டி போதும். அதை நீளப் பட்டையாக மடித்து, தண்ணீர் கசியாத மேலுறைக்குள் வைத்துக் கட்டினேன். ஈரமானால் துணியை மட்டும் மாற்றலாம், உறையைத் துடைத்துக் காற்றாட விட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆய் பட்டால் மட்டும் உறையையும் துவைக்க வேண்டும். ஐந்து உறை, 30 துணி. அம்மிச்சியின் துணியும் இந்தக் கால உறையும் சேர்ந்த இந்த முறைதான் கடைசிவரை எங்களுக்குக் கைகொடுத்தது. புதிதாகத் தொடங்கும் பெற்றோர் 20 ரெடிமேட் டயப்பர் மொத்தமாக வாங்கிவிடாமல், இரண்டு உறை வாங்கி ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அந்த உறை பிளாஸ்டிக் பூசிய பாலியெஸ்டர் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. "மூங்கில் துணி" என்று விற்பதும் பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ்தான். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மைக்ரோஃபைபர் பட்டை வந்தால் அதைத் தோலில் நேராகப் படவிடாதீர்கள். தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்து வறளவைத்துவிடும்.

அடுத்த பாடம் வலியோடு வந்தது. ஈரோட்டில் பூந்திக்கொட்டையைக் காய்ச்சிய தண்ணீரில் துவைத்துக்கொண்டிருந்தோம். ரசாயனமே இல்லாமல் செய்கிறோம் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வேளச்சேரியில் போர்வெல் தண்ணீர், வாளி விளிம்பெல்லாம் வெள்ளைப் படிவு. அதே பூந்திக்கொட்டையைத் தொடர்ந்தேன். ஐந்தாம் மாதத்தில், துணி காய்ந்திருக்கும்போது வாசனை இருக்காது, குழந்தை நனைத்த நொடியில் கண் எரிகிற மாதிரி அமோனியா நெடி அடிக்கும். ஒரு வாரத்தில் தொடை மடிப்பில் சிவந்து, சுற்றிலும் குட்டிக் குட்டிப் புள்ளிகள். தேங்காய் எண்ணெய் தடவினேன், கேட்கவில்லை. டாக்டர் பார்த்ததும் பூஞ்சைத் தொற்று என்று சொல்லிக் களிம்பு எழுதினார். மடிப்புக்குள் பரவி, சுற்றிப் புள்ளிகள் இருந்தாலோ, மூன்று நாளில் குறையாவிட்டாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள்.

பூந்திக்கொட்டை பட்டுக்கும் கம்பளிக்கும் நல்லது. கடினத் தண்ணீரில் சிறுநீரையும் மலத்தையும் நூலுக்குள்ளிருந்து வெளியேற்ற அதற்கு வலு போதாது. மிச்சம் தங்கி, நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது. அதன்பிறகு மணமில்லாத சாதாரண சலவைத் தூளுக்கு மாறினோம், கூடவே ஒரு கரண்டி சலவைச் சோடா. கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர். துணியை மென்மையாக்கும் திரவத்தை ஊற்றவே கூடாது, அது நூல்மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். கிருமிநாசினித் திரவமும் வேண்டாம், அந்த மிச்சமே தோலை எரிக்கலாம். டயப்பர் களிம்பும் எண்ணெயும் துணியில் ஒட்டினால் தண்ணீர் மறுபடி உருண்டு ஓடும். களிம்பு போடும் நாட்களில் பழைய வேட்டித் துண்டு ஒன்றை மேலே விரித்துவிடுவேன்.

எங்கள் வழக்கம் இதுதான். ஆயைக் கழிப்பறையில் பீச்சித் தள்ளிவிட்டு, துணியைச் சாதாரணத் தண்ணீரில் அலசி, மூடாத கூடையில் போட்டு வைப்போம். வாளியில் ஊறவைப்பதில்லை. நாற்றம் ஒரு காரணம், தவழும் குழந்தைக்குத் தண்ணீர் நின்ற வாளி உயிர் ஆபத்து என்பது பெரிய காரணம். ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷினில் முதலில் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று, அப்புறம் 60 டிகிரி வெந்நீரில் முழுச் சுற்று, மேலும் ஓர் அலசல். உறைகளைக் கொதிக்க வைக்க வேண்டாம், பூச்சு பிரிந்துவிடும்.

துடைக்க வைப்ஸ் வாங்கவில்லை. வேட்டித் துண்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதுமாக இருந்தது. டால்கம் பவுடர் வேண்டாம், குழந்தை மூச்சில் இழுத்துவிடும். சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். அது நம் வீட்டு வழக்கம் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

இதையெல்லாம் யார் செய்வது என்பதுதான் பலரும் பேசாத விஷயம். அம்மா பிறந்தபோது துணிகளை யார் துவைத்தார்கள் என்று அம்மிச்சியிடம் ஒருநாள் கேட்டேன். ஊர் ஏகாலிப் பெண் ஒருவர் பின்வாசலில் வந்து வாங்கிப்போய், வெள்ளாவி வைத்து வெளுத்துக்கொண்டு வருவாராம். கூலி தானியமாக. பிள்ளை பெற்ற வீட்டுத் துணி என்பதால் அவரைத் தவிர யாரும் தொடமாட்டார்களாம். அம்மிச்சி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கையாக இருந்தது என்று நாம் பேசும்போது, அந்த இயற்கை ஒரு பெண்ணின் கைகள்மேல் நின்றது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் அக்காவிடம் இந்தத் துணிகளைக் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

நான் மட்டும் செய்யவும் முடியவில்லை. தூக்கமில்லாமல், பாலும் கொடுத்து, துணியும் அலசி, ஜனவரியில் ஒருநாள் குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து துவைப்பது முழுக்கக் கணவர் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு மெஷின் போட்டு, ஏழரைக்குக் கொடியில் விரித்துவிட்டுத்தான் அவர் அலுவலகம் கிளம்புவார். உதவி என்று அதைச் சொன்னதில்லை, அவர் வேலை என்றே சொன்னோம். துவைக்க இன்னொரு ஜோடிக் கை இல்லாத தாயிடம் துணி டயப்பர் கட்டு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பகலில் நான்கு துணி, மற்ற நேரம் கடை டயப்பர் என்றால் அதுவும் நல்லதுதான்.

நாங்களும் இரவில் ஒன்று, ஈரோடு ரயிலில் ஒன்று என்று கடை டயப்பர் போட்டோம். அவளைச் சேர்த்த குழந்தைகள் காப்பகத்தில் துணியை ஏற்கவே மாட்டோம் என்றார்கள். உறைக்குள் துணியை மடித்து வைத்து, கழற்றியதை ஜிப் வைத்த ஈரப்பையில் போட்டால் போதும் என்று செய்து காட்டினேன். பயனில்லை. அங்கே இருக்கும் நேரத்துக்குக் கடை டயப்பர்தான். அதிலும் ஆயைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, தாளில் சுற்றி, தனியாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு விதிகளும் சொல்லின. பிரித்தெடுப்பவர் வெறுங்கையால் அதைத் தொட நேரக் கூடாது.

இரண்டு வயது நிரம்பும் முன்பே பகலில் டயப்பர் நின்றுவிட்டது. ரெடிமேட் எட்டில் மூன்றுக்கு எலாஸ்டிக் மாற்ற வேண்டியிருந்தது. காடாத் துணி முப்பதில் நான்கு நைந்துபோய் அடுப்படித் துணியாகிவிட்டன. மிச்சம் 26-ஐயும் சூடான தண்ணீரில் துவைத்து, ஓரத் தையலெல்லாம் பார்த்து, உறைகளோடு கோபிசெட்டிபாளையத்துக்கு அனுப்பினேன். தம்பி மனைவிக்கு ஒன்பதாம் மாதம். பார்சல் வந்ததும் தம்பி போன் செய்தான்.

"அக்கா, கட்டறதுக்கு முன்னாடி எத்தன தடவ தொவைக்கணும்?"

"ஒரு தடவ போதும்டா" என்றேன். "எப்பக் காயும்னு மட்டும் பாத்துக்கோ, ஐப்பசி வருது."